பி ஸ்லைடரைத் தொடுவதற்கு முன்

கணக்கு வகுப்பு எடுப்பவர்கள் எல்லோருக்கும் பழகிய காட்சி இது. புரொஜெக்டர் ஓடுகிறது, திரையில் ஒரு பரவளையம். ஆசிரியர் மவுஸைப் பிடித்து ‘ஏ’ என்ற எண்ணை மாற்றும் ஸ்லைடரை இழுக்கிறார். வளைகோடு ஒடுங்குகிறது, விரிகிறது, பூஜ்ஜியத்தைத் தாண்டியதும் பலத்த காற்றில் சிக்கிய குடைபோல மறுபக்கம் திரும்பிக்கொள்கிறது. வகுப்பே “ஓ” என்கிறது. கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. மேற்பார்வைக்கு யாராவது வந்திருந்தால் ‘மாணவர் ஈடுபாடு மிக நன்று’ என்று எழுதிவிட்டுப் போவார். அடுத்த வாரம் தாளில் ஒரு இருபடிச் சார்பைக் கொடுத்து வரையச் சொன்னால், அதே பிள்ளைகள் பழையபடி ஐந்து புள்ளிகளுக்கு அட்டவணை போட்டு, அவற்றை அளவுகோல் வைத்து நேர்கோடுகளால் இணைத்துக் கொடுப்பார்கள்.

‘ஈடுபாடு’ என்ற அந்தச் சொல்தான் உறுத்துகிறது. நகரும் எதையும் கண் பின்தொடரும். மேலே சுற்றும் மின்விசிறியைக்கூடப் பிள்ளைகள் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கணக்குப் போட்டது யார் என்று கேட்டால், மென்பொருள் போட்டது, ஆசிரியர் விரலசைத்தார், பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். கணக்கு வகுப்பில் தொழில்நுட்பம் வேண்டுமா வேண்டாமா என்று ஆளாளுக்குச் சண்டை போடுகிறோம். என்னைக் கேட்டால் தகராறு அங்கே இல்லை. திரை அசைவதற்கு முன், என்ன ஆகப்போகிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறதா? எழுதி வைத்திருந்தால் பழைய கணினியும் ஒரே ஒரு ஸ்லைடரும் போதும். எழுதவில்லையென்றால் எவ்வளவு விலையுயர்ந்த தொடுதிரையும் வாணவேடிக்கைதான்.

பி என்ன செய்யும்?

இதை ஒரே ஒரு பாடத்தை வைத்து நெருக்கமாகப் பார்க்கலாம். ஏ·எக்ஸ்² + பி·எக்ஸ் + சி என்ற இருபடிச் சார்பின் ஏ, பி, சி என்ற மூன்று கெழுக்களில் ஏ-யையும் சி-யையும் எல்லோரும் விளக்கிவிடுவார்கள். ஏ ஒடுக்கும், விரிக்கும், கவிழ்க்கும். சி மேலே கீழே தூக்கும். பி-க்கு வரும்போது மட்டும் பல வகுப்புகளில் ஒரு இருமல், ஒரு மழுப்பல், அடுத்த தலைப்பு. “பி இடம் வலமாக நகர்த்தும்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அது தவறு. அந்தத் தவறு இருப்பதால்தான் இந்த ஸ்லைடர் மற்ற இரண்டையும்விட அருமையானது.

எடுத்துக்கொள்ள வேண்டிய சார்பு: எக்ஸ்² + பி·எக்ஸ் + 4. ஏ-யை 1 என்றும் சி-யை 4 என்றும் கட்டிப்போட்டுவிட வேண்டும். மூன்று ஸ்லைடர்களையும் சேர்த்துத் திறந்துவிட்டால் பிள்ளைகள் மூன்றையும் கண்டபடி இழுப்பார்கள், எது எதனால் நகர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. 4 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு, கொஞ்சம் கீழே புரியும். முதலில் பி பூஜ்ஜியமாக இருக்கட்டும். திரையில் (0, 4) என்ற இடத்தில் முனை (வளைகோடு திரும்பும் புள்ளி) வைத்த சாதாரணப் பரவளையம். இப்போது திரையை அப்படியே உறைய வைத்துவிட்டுக் கேள்வி: பி-யை 0-விலிருந்து 2, 4, 6 என்று கூட்டிக்கொண்டே போனால் முனை எந்தப் பாதையில் போகும்? பாதையை வரையுங்கள். மூன்று நிமிடம். பேனாவில்.

பேனா என்பது சும்மா சொன்னதில்லை. பென்சிலில் வரைந்தால், திரை அசைந்ததும் ரப்பர் கைக்கு வந்துவிடும். தான் நினைத்ததும் நடந்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் “ஏன்?” என்ற கேள்வி பிறக்கும். அழித்துவிட்டால் எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரிந்த மாதிரி ஆகிவிடும். மூன்று நிமிடம் முடிந்ததும் கரும்பலகையில் கணக்கெடுக்க வேண்டும். கிடைமட்டமாக வலப்பக்கம் எத்தனை பேர், இடப்பக்கம் எத்தனை பேர், நேர் மேலே எத்தனை பேர், சாய்கோட்டில் எத்தனை பேர், வளைந்து போகும் என்று எத்தனை பேர். “பி கூடுகிறது, அதனால் வலப்பக்கம்தானே போகும்” என்ற கட்சியில் ஆள் அதிகம் இருக்கும். யார் சரி என்று முகத்தில்கூடக் காட்டக் கூடாது. ஆசிரியரின் புருவத்தைப் படிப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

இனியும் ஸ்லைடரைத் தொடக் கூடாது. பி-க்கு 2 என்று விசைப்பலகையில் தட்ட வேண்டும். முனை (−1, 3)-க்கு வந்து நிற்கும். இடப்பக்கம் போனது மட்டுமில்லை, இறங்கியும் இருக்கிறது. வலப்பக்கக் கட்சி சத்தம் போடும், போடட்டும். இப்போது தங்கள் கோட்டைத் திருத்த ஒரு வாய்ப்பு, வேறு நிறப் பேனாவில். அடுத்து 4. முனை (−2, 0), அதாவது வளைகோடு எக்ஸ் அச்சை லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எக்ஸ்² + 4எக்ஸ் + 4 என்பது முழு வர்க்கம் ஆயிற்றே என்று யாராவது ஒருவர் சொல்வார். 4-ஐத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். 6-ஐத் தட்டுவதற்கு முன் இன்னொரு நிறுத்தம்: முனை எங்கே இருக்கும், ஆயத்தொலைகளை எழுதுங்கள். 4, 3, 0 என்ற இறக்கத்தைப் பார்த்தவர்கள் முதலில் 1, அடுத்து 3, இனி 5 என்று பிடித்துவிடுவார்கள். (−3, −5). எழுதி வைத்தது அப்படியே திரையில் வந்து உட்காரும்போது எழும் கூச்சல் குடை கவிழ்ந்ததைப் பார்த்து எழுந்த “ஓ” ரகம் இல்லை. இதில் உரிமை இருக்கிறது.

இதற்குப் பிறகு ஸ்லைடர். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் புதிதாகப் போடும் ஸ்லைடர் −5 முதல் 5 வரை, 0.1 படியில் ஓடும். அந்த 0.1 இந்தப் பாடத்துக்கு எதிரி, அசைவு வழவழவென்று இருந்தால் எண்கள் மறைந்துவிடும். −6 முதல் 6 வரை, படி 2 என்று மாற்றினால் ஏழே நிலைகள், ஏழுக்கும் முழு எண்களில் முனை. முனையைப் பெற எக்ஸ்ட்ரீமம் கட்டளை போதும். முனையின் சூத்திரத்தைத் தட்டித் திரையில் காட்டிவிட்டால் மிச்சம் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. அந்தப் புள்ளியை வலது கிளிக் செய்து தடம் காட்டும்படி வைத்தால் முனை போன வழியெல்லாம் புள்ளி விழும். டெஸ்மாஸ் என்ற வரைபட மென்பொருளில் வேறு வழி இருக்கிறது. பி-க்கு ஒரே எண்ணைத் தராமல் சதுர அடைப்புக்குறிக்குள் −6, −4, −2, 0, 2, 4, 6 என்று பட்டியலாகக் கொடுத்தால் ஏழு பரவளையங்களும் ஒரே நேரத்தில் விரியும். எனக்கு இந்த ஏழு வளைகோட்டுப் படம்தான் அதிகம் பிடிக்கும். காரணம், அசைவில் தென்படாத ஒன்று அதில் பளிச்சென்று தெரியும்: ஏழும் (0, 4) வழியாகப் போகின்றன.

பாடம் திரும்பும் இடம் இதுதான். ஏன் எல்லாமே அந்த ஒரு புள்ளியில் கூடுகின்றன? எக்ஸ் பூஜ்ஜியமானால் பி-க்கு வேலையே இல்லை, அது எதுவாக இருந்தாலும் பெருக்கல் பூஜ்ஜியம். சரி, அந்தப் புள்ளியைத் தாண்டும்போது என்ன நடக்கிறது? அங்கேயே ஜூம் செய்யச் சொல்ல வேண்டும், நாலைந்து முறை. ஏழு வளைகோடுகளும் ஏழு நேர்கோடுகளாக, ஒரே அச்சாணியிலிருந்து விரிந்த ஆரக்கால்கள்போலத் தெரியும். சாய்வை அளந்தால் −6, −4, −2, 0, 2, 4, 6. எக்ஸ் மிகச் சிறியதாக இருக்கும்போது எக்ஸ்² இன்னும் சிறியதாகி ஒதுங்கிக்கொள்கிறது, மிஞ்சுவது பி·எக்ஸ் + 4 என்ற கோடு. ஆக, ஒய் அச்சைக் கடக்கிற இடத்தில் வளைகோட்டின் சாய்வுதான் பி. வகையீடு என்ற சொல்லைக் கேட்பதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே பிள்ளைகள் தொடுகோட்டைப் பார்த்துவிடுகிறார்கள்.

முனைகள் போன பாதையும் மிச்சம் இருக்கிறது: (−3, −5), (−2, 0), (−1, 3), (0, 4), (1, 3), (2, 0), (3, −5). கவிழ்ந்த பரவளையம், 4 − எக்ஸ்². இதைப் பிள்ளைகளே பட்டியலிலிருந்து கண்டுபிடிப்பார்கள். பிறகு கணினியை மூடிவிட வேண்டும். முனையின் எக்ஸ் என்பது −பி/2, அப்படியானால் பி என்பது −2எக்ஸ், அதை மூலச் சார்பில் போட்டால் எக்ஸ்² − 2எக்ஸ்² + 4. ஒரு வரி நிரூபணம், தாளில். ஏழு புள்ளிகளில் பார்த்தது எல்லாப் புள்ளிகளுக்கும் உண்மை என்று சொல்ல அந்த ஒரு வரிதான் தேவைப்பட்டது. திரையால் அதைத் தர முடியாது.

இந்தப் பாடம் எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆபத்து முன்வரிசைக் கெட்டிக்காரர். நீங்கள் கேள்வியை முடிப்பதற்குள் விடையைக் கத்திவிடுவார். அதனால்தான் வாய்மொழியாகக் கேட்காமல் எழுதச் சொல்கிறோம். இரண்டாவது, ஆசிரியரின் பொறுமை. மூன்று நிமிட மௌனம் வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு அரை மணிபோல இருக்கும், விரல் தானாக மவுஸைத் தேடும். மூன்றாவது, ஆளுக்கொரு கருவி கொடுத்திருந்தால் இரண்டாம் நிமிடத்தில் பாதிப் பேர் கோட்டுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருப்பார்கள். இருவருக்கு ஒரு கருவி என்பது பற்றாக்குறைக்கான சமாளிப்பு என்று நினைக்கிறோம். ஆளுக்கொன்று இருந்தாலும் நான் இருவருக்கு ஒன்றுதான் கொடுப்பேன். கை வைப்பவர் பேசக் கூடாது, பேசுபவர் கை வைக்கக் கூடாது, கேள்விக்குக் கேள்வி மாற்றிக்கொள்ள வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்லியாக வேண்டிய நிலையில் “அதை… அந்தப் பக்கம்… இப்படி” என்பதெல்லாம் எடுபடாது. ‘முனை’, ‘சாய்வு’ என்ற சொற்கள் தானாக நாக்குக்கு வரும்.

ஆமை இதை முன்பே செய்தது

முன்கூட்டி ஊகிப்பது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1967-ல் சீமோர் பாப்பர்ட், வாலி ஃபியூர்சாய்க், சிந்தியா சாலமன் ஆகியோர் சேர்ந்து லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். அதன் ஆமை, அதாவது கட்டளைக்கேற்ப நகரும் குறி, பிறகு வந்தது; “50 அடி முன்னே போ, 90 டிகிரி வலப்பக்கம் திரும்பு” என்று தட்டினால் கோடு இழுத்துக்கொண்டே நகரும். அதில் ஸ்லைடர் கிடையாது. தட்டாமல் எதுவும் நகராது, தட்டுவதென்றால் ஒரு எண்ணுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். ஊகம் கருவிக்குள்ளேயே இருந்தது.

சமபக்க முக்கோணம் வரையச் சொல்லிப் பாருங்கள். கோணம் 60 என்று எல்லோருக்கும் தெரியும், 60 என்றே தட்டுவார்கள். மூன்று முறை போய்த் திரும்பிய பிறகு திரையில் இருப்பது அரை அறுங்கோணம். ஆமை திரும்ப வேண்டியது வெளிக்கோணமான 120. “பலகோணத்தின் வெளிக்கோணங்களின் கூடுதல் 360” என்ற வரியைப் பத்து முறை எழுதிய பிள்ளைக்கும், அரை அறுங்கோணத்தை முறைத்துப் பார்த்த பிள்ளைக்கும் அந்த வரி ஒன்றாக இருக்காது. இன்று பைத்தானோடு ஒரு ஆமை இலவசமாகவே வருகிறது, தனியாக எதுவும் நிறுவத் தேவையில்லை. ஆனாலும் வழவழப்பான ஸ்லைடர்கள் வந்த பிறகு ஆமையைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டோம். இழுத்துப் பார்க்க எந்த முன்முடிவும் தேவையில்லை என்பதே ஸ்லைடரின் வசதி, அதன் கேடும் அதுவே.

திரை சொல்லும் பொய்கள்

கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை உடைக்கிற தருணங்கள் தானாகவே வரும், அவசரப்பட்டு மூடி மறைக்காமல் இருந்தால் போதும். ஜியோஜீப்ராவில் (0, 0), (1, 2), (−2, 1) என்ற மூன்று புள்ளிகளால் ஒரு முக்கோணம் போடுங்கள். ஆதிப்புள்ளியில் செங்கோணம். பக்கங்களை அளந்தால் திரையில் 2.24, 2.24, கர்ணம் 3.16. பிள்ளைகள் கால்குலேட்டரை எடுத்து வர்க்கம் போடுவார்கள்: 5.0176-ஐ இரண்டு முறை கூட்டினால் 10.0352. கர்ணத்தின் வர்க்கம் 9.9856. பிதாகரஸ் தப்பு! சில ஆசிரியர்கள் இந்த இடத்தில் “அது ரவுண்டிங், விடுங்க” என்று கடந்துபோவார்கள். விடவே கூடாது. மென்பொருள் வழக்கமாக இரண்டு தசம இடங்களைத்தான் காட்டுகிறது. அமைப்பில் போய்ப் பத்து இடமாக்கினால் இடைவெளி ஏறக்குறைய மறையும், ஆனால் அடியோடு மறையுமா? எத்தனை இடம் வைத்தால் முழுசாக மறையும்? √5 என்ற எண்ணை ஏன் மூலக்குறிக்குள்ளேயே வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. √5-ஐ அப்படியே வைத்தால் 5 + 5 = 10, தகராறே இல்லை.

வெற்றுத்திரை இன்னொன்று. எக்ஸ்² + 20 என்று தட்டினால் வழக்கமான −10 முதல் 10 வரையிலான சட்டத்தில் எதுவும் தெரியாது. “சார், இதுக்கு கிராஃபே இல்லை.” உடனே ஜூம் அவுட் செய்து காட்டினால் பாடம் போச்சு. இந்தச் சார்பின் மிகச் சிறிய மதிப்பு என்ன என்று கேட்டால், எங்கே தேட வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். டெஸ்மாஸ் கோணங்களை ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும், அமைப்பை மாற்றாமல் சைன் 30 என்று தட்டினால் −0.988 வரும். அமைப்பை டிகிரிக்கு மாற்றிவிட்டுச் சைன் வளைகோட்டை வரைந்தால் இப்போது கிட்டத்தட்ட நேர்கோடு வரும், ஏனென்றால் திரை 10 டிகிரியோடு முடிந்துவிடுகிறது, அங்கே சைன் 0.17-தான். இரண்டு அச்சுகளுக்கும் அளவு வேறாகிவிட்டால் ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகள் அப்படித் தெரியாது, வட்டம் நீள்வட்டமாகும். இவற்றுக்கெல்லாம் மேலே, எக்ஸ்² − 1-ஐ எக்ஸ் − 1-ஆல் வகுத்து வரைந்தால் பெரும்பாலான மென்பொருள்களில் விரிசல் இல்லாத நேர்கோடு வரும். எக்ஸ் = 1-ல் ஓட்டை இருக்கிறது, அது ஒற்றைப் புள்ளி, திரையின் எந்தப் பிக்சலையும்விடச் சிறியது. ஓட்டையைக் கண்ணால் பார்க்க முடியாது, வகுக்கும் எண் எப்போது பூஜ்ஜியமாகும் என்று யோசித்துத்தான் பிடிக்க வேண்டும். தொழில்நுட்பப் பயிற்சிகளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லித் தருகிறார்கள். இந்தப் பொய்களுக்கு அரைமணி ஒதுக்கியிருக்கலாம்.

ஒரே ஒரு போன்

கருவியே இல்லாத வகுப்பில் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. ப்ளிக்கர்ஸ் போன்ற அட்டை முறை இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் காகிதத்தில் அச்சடித்த ஒரு கட்டக்குறி, ஒவ்வொன்றும் வேறு வேறு. அட்டையின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. தான் தேர்ந்த விடை மேலே வரும்படி திருப்பிப் பிடித்தால் ஆசிரியரின் போன் கேமரா வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்து யார் எதைச் சொன்னார்கள் என்று பதிவு செய்துகொள்ளும். பக்கத்துப் பிள்ளையின் விடையை எட்டிப் பார்த்துப் புரிந்துகொள்வது கடினம். அட்டையைப் பளபளப்பாக லேமினேட் செய்தால் விளக்கொளி பட்டுக் கேமராவுக்குக் கண் கூசும், கெட்டியான காகிதமே மேல். விரல் குறியின் மேல் பட்டாலும் படிக்காது, ஓரத்தைப் பிடிக்கப் பழக்க வேண்டும்.

கருவி எளிது, கேள்விதான் கடினம். நான்கு விடைகளில் மூன்று தவறு என்றால், மூன்றும் உண்மையிலேயே பிள்ளைகள் செய்யும் தவறுகளாக இருக்க வேண்டும். √((−5)²)-ன் மதிப்பு என்ன? 5, −5, ±5, ‘கிடையாது’. சரியான விடை 5; மற்ற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குழப்பம் இருக்கிறது: வர்க்கமும் மூலமும் அடித்துக்கொள்ளும் என்பவர் −5 காட்டுவார், சமன்பாட்டின் தீர்வோடு குழப்பிக்கொண்டவர் ±5 காட்டுவார், உள்ளே குறைக்குறியைப் பார்த்ததுமே பயந்தவர் கடைசியைக் காட்டுவார். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறை இதற்கு அளந்து தைத்தது. முதல் சுற்று விடைகளை எண்ணிக்கொள்ள வேண்டும், திரையில் காட்டக் கூடாது. சரியாகச் சொன்னவர்கள் சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், வேறு விடை வைத்திருக்கும் பக்கத்து ஆளிடம் இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்ல வேண்டும். 30-க்குக் கீழே என்றால் வாதாட ஆளில்லை, பாடத்தை மறுபடி எடுக்க வேண்டியதுதான். 70-க்கு மேலே என்றால் நேரத்தை வீணாக்காமல் நகர்ந்துவிடலாம்.

வேகமாக அழுத்தினால் அதிகப் புள்ளி, மேலே பெயர்ப்பட்டியல், பின்னால் படபடக்கும் இசை என்று ஓடும் வினாடிவினாக்கள் வேறு ரகம். வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கும். ஆனால் யோசிப்பவரை அது தண்டிக்கிறது, தெரியாததை யூகித்துத் தட்டுபவருக்குப் பரிசு தருகிறது. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். யோசிக்கும்படி கேட்டிருந்தால் கடிகாரத்தையும் பெயர்ப்பட்டியலையும் அணைத்துவிட வேண்டும்.

பந்து எத்தனை முறை துள்ளும்?

இருக்கும் ஒற்றைப் போனில் இன்னொரு நல்ல பாடம் ஒளிந்திருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, பந்து தரையில் மோதும் சத்தத்தைக் கேட்டு, அடுத்தடுத்த மோதல்களுக்கு இடையிலான நேரத்தைத் தரும். செயலி வேண்டாமென்றால், சத்தத்தைப் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து சிகரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைப் படித்தாலும் அதே எண்கள் கிடைக்கும். கெட்டியான தரை வேண்டும், கம்பளம் கூடாது. மின்விசிறியை நிறுத்த வேண்டும், வகுப்பு மூச்சுக்கூட விடக் கூடாது (இதற்காகவே சிலர் இந்தப் பாடத்தை விரும்புவார்கள்). பந்து சுழலாமல் கையிலிருந்து விடுபட வேண்டும், எறியக் கூடாது. செயலியில் ஒலி வரம்பைத் தாழ்வாக வைத்தால் நாற்காலி இழுபடும் சத்தமும் மோதலாகப் பதிவாகிவிடும், உயர்த்தி வைத்தால் கடைசிச் சின்னத் துள்ளல்கள் விட்டுப்போகும்.

இடைவெளிகள் 0.70, 0.60 விநாடி என்று வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஏறும் நேரம் பாதி, இறங்கும் நேரம் பாதி, ஆகவே எழும்பிய உயரம் மீட்டரில் 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்) × நேரம்² ÷ 8. முதல் உயரம் 60 செ.மீ., இரண்டாவது 44. இங்கே நிறுத்தி, மூன்றாவதை எழுதச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் 28 என்று எழுதுவார்கள், 16 குறைந்ததே, இன்னொரு 16. அடுத்த இடைவெளி 0.51, உயரம் 32. அதற்கடுத்தது 0.44, உயரம் 24. கழித்தவர்கள் 12 எதிர்பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறையவில்லை, ஒரே விகிதத்தில் குறைகிறது, சுமார் 0.73. பெருக்குத் தொடர்வரிசைக்குப் புத்தகத்தில் வரும் எந்த உதாரணத்தைவிடவும் இது உறைக்கும்.

பிறகு ஒரு விஷமமான கேள்வி. ஒவ்வொரு துள்ளலும் முந்தையதில் 0.73 பங்கு என்றால் பந்து எப்போதும் கொஞ்சம் துள்ளிக்கொண்டேதானே இருக்க வேண்டும்? அப்படியானால் ஏன் நின்றுவிடுகிறது? நேர இடைவெளிகளின் விகிதம் 0.86. முடிவிலாத் தொடரின் கூடுதல் 0.70 ÷ (1 − 0.86), அதாவது சரியாக 5 விநாடி. எண்ணற்ற துள்ளல்கள், ஐந்தே விநாடியில். முதல் மோதலிலிருந்து கடிகாரம் வைத்துப் பாருங்கள், சத்தம் ஓயும் நேரம் அதற்கு வெகு அருகில் வரும்.

பகடை உருட்டலை விரிதாளில் செய்வதும் இதே ரகம்தான், அதனால் நீட்டவில்லை. 1 முதல் 6 வரை தற்செயல் எண் தரும் ரேண்ட்பிட்வீன் (1, 6) இரண்டு பத்திகளில், மூன்றாவதில் கூட்டல், எண்ணித் தரும் கவுண்ட்இஃப் வைத்து 7 எத்தனை என்று எண்ணுதல். 36 வரிசை போட்டு, 7 எத்தனை முறை வரும் என்று எழுதச் சொன்னால் எல்லோரும் 6 என்பார்கள். எஃப்9 விசையைத் தட்டத் தட்டப் புது எண். சரியாக 6 வருவது ஐந்தில் ஒரு முறைகூட இல்லை. அப்புறம் 1000 வரிசை.

படம் எடுத்தால் விடையைப் படிப்படியாகக் கக்கும் செயலிகளைப் பற்றிப் புலம்பல்கள் நிறைய வருகின்றன. விடையைக் கேட்கும் கேள்வி அந்தச் செயலிக்குத்தான் வேலை கொடுக்கிறது. பிழையோடு போட்டு முடித்த கணக்கைக் கொடுத்து எந்த வரியில் சறுக்கியது, சறுக்கியவர் என்ன நினைத்திருப்பார் என்று கேட்டால் வகுப்பில் பேச்சு வரும். செயலியும் பிழையைப் பிடித்துவிடலாம்தான், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஏன் அப்படி நினைத்தார் என்பது அதற்குத் தெரியாது.

மறுபடியும் ஏ

ஆரம்பத்தில் கவிழ்ந்த அந்தக் குடைக்குத் திரும்பலாம். அதே ஏ ஸ்லைடர், ஆனால் இந்த முறை பி-யும் சி-யும் 4-ல் நிற்கட்டும்: ஏ·எக்ஸ்² + 4எக்ஸ் + 4. ஏ 1 என்றால் முனை (−2, 0). 2 என்றால் (−1, 2). 4 என்றால் (−½, 3). −1 என்றால் (2, 8). பி-யை நகர்த்தியபோது முனை பரவளையத்தில் போனது நினைவிருக்கும், ஆகவே இதுவும் வளைந்துதான் போகும் என்று வகுப்பு பந்தயம் கட்டும். நான்கு புள்ளிகளையும் வைத்துப் பார்த்தால் 2எக்ஸ் + 4 என்ற நேர்கோடு. இப்போது ஏ-யை 1-லிருந்து மெல்லக் குறைக்கிறோம். 0.1-ல் முனை (−20, −36)-க்குப் போய்விட்டது, திரைக்கு வெளியே. −0.1-ல் அது (20, 44)-ல் இருக்கிறது, திரையின் எதிர் மூலைக்கு அப்பால். நடுவில் ஏ சரியாகப் பூஜ்ஜியமாக இருக்கும் அந்த ஒரு கணத்தில் திரையில் என்ன இருக்கும், முனை எங்கே இருக்கும்?

மூன்று நிமிடம். பேனாவில்.